கடலுக்குள் முங்கும் முன்...

கல்யாணமான கையோடு பிள்ளைகள் இப்போதெல்லாம் கொடைக்கானலோடு நிற்பதில்லை. அந்தமானுக்கு விமானம் ஏறி, 'ஸ்கூபா டைவிங்' என்று கடலுக்குள்ளேயே முங்கிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. விஷயம் தெரிந்துகொண்டால் வீண் பயமும் வேண்டாம், அசட்டுத் துணிச்சலும் வேண்டாம்.

ராயகிரியில் எங்களுக்கு மலைதான் பக்கம். கடல் என்றால் திருச்செந்தூரில் கால் நனைப்பதோடு சரி. போன தை மாதம் மகளும் மருமகனும் ஆசையாகக் கூப்பிட, ஹேவ்லாக் தீவுக்குப் போனேன். 2018 முதல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர்.

முதலில் ஒரு படிவம் தந்தார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது ஆபரேஷன், கர்ப்பம் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். மகளுக்கு நாள் தள்ளிப் பத்து நாள் ஆகியிருந்தது. "இன்னும் டெஸ்ட் எடுக்கலையேம்மா, இல்லைன்னே எழுதிருதேன்" என்றாள். "வேண்டாம்ட்டி, கடல் எங்கேயும் ஓடிப்போயிராது" என்று தடுத்தேன். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வாயு ரத்தத்தில் கூடுதலாகக் கரைகிறது. மேலே வரும்போது அது குமிழாகக் கிளம்பினால் கருவுக்கு ஆபத்து வரலாம். அதனால் கர்ப்பிணிகள் முங்கவே கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. மகளுக்குக் கண்ணில் நீர் முட்டிற்று. கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்து மேலிருந்தே மீன்களைப் பார்த்தாள். ஊர் திரும்பியதும் உண்டாகியிருப்பது உறுதியாயிற்று!

மருமகனோடு நான் முங்கினேன். ஆளுக்கொரு பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு வந்தார். இருபதடி ஆழம்தான். பாறை என்று நாம் சொல்லும் பவளம் உண்மையில் உயிர். கடுகளவுப் பிராணிகள் கோடிக்கணக்கில் சேர்ந்து கட்டிய சுண்ணாம்பு வீடு. அதன் பொந்துகளிலும் குகைகளிலும் சிங்கி றால் மீசையை நீட்டுகிறது, விலாங்கு எட்டிப் பார்க்கிறது. கிளி மூக்கு மீன் பாறையைக் கொறிக்கும் சத்தம்கூடக் காதில் விழுந்தது.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

* கிணற்றில் முங்கும் நமக்கு மூச்சடக்கத்தான் தெரியும். இங்கே அடக்கவே கூடாது. 33 அடி ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பு. அங்கே இழுத்த காற்று மேலே வர வர விரியும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியலாம்.

* சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்றுதான், வெறும் ஆக்சிஜன் அல்ல.

* சளி பிடித்திருந்தால் தள்ளிப்போடுங்கள். இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் காது அடைப்பு விடும். வலித்தால் உடனே சைகை காட்டுங்கள்.

* முங்கிய பின் 18 மணி நேரமாவது விமானம் ஏறாதீர்கள்.

* பொந்துக்குள் கைவிடாதீர்கள். பவளத்தைத் தொடாதீர்கள், மிதிக்காதீர்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருப்பதால், ஷோகேஸுக்கு என்று ஒரு துண்டுகூட எடுத்து வரக்கூடாது.

கடைசி விஷயம் நம் மன்னார் வளைகுடாவுக்கும் பொருந்தும். அங்கே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலில் அமிழ்ந்துவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். மிச்சமிருப்பதும் கடல் நீர் சூடேறி வெளுத்து வருகிறது. நம் பேரப்பிள்ளைகளும் பார்க்க வேண்டாமா? பிள்ளைகள் கிளம்பும்போது இதையும் சொல்லி அனுப்புங்கள்.