"கவலைப்படாதே" என்பதும் ஒரு வைத்தியமா?

கர்ப்பம் ஏழு மாதத்தைத் தாண்டிய ஒரு பெண் தன் வீட்டாரிடம், "எனக்கு என்னமோ பயமாயிருக்கிறது" என்று சொல்லுவாளானால், அவளுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். "கவலைப்படாதே, எல்லாம் நல்லபடியாய் முடியும்" என்பதே அது. மாமியார் சொல்லுவதும் அதுவே, தாயார் சொல்லுவதும் அதுவே, புருஷன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லுவதும் அதுவேயாகும். இப்படிச் சொல்லுகிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லுகிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. இந்த வார்த்தையினால் அந்தப் பெண்ணுக்கு என்ன லாபம் என்றுதான் கேட்கின்றோம். கவலை என்பது வேண்டும்போது உடுத்தி வேண்டாதபோது அவிழ்த்துப் போடக்கூடிய சேலையா, மற்றவர் சொன்னவுடன் கழற்றி வைக்க?

கர்ப்பிணியின் கவலை இரண்டு தினுசானது. ஒன்று, பிறர் அவள் தலையில் ஏற்றி வைத்த கவலை. மற்றொன்று, அவளுடைய உடம்பே அவளுக்குத் தெரிவிக்கின்ற கவலை. முன்னதை மூட்டை கட்டி வெளியே எறிய வேண்டும். பின்னதைக் கேட்ட மாத்திரத்தில் எழுந்து புறப்பட வேண்டும். நமது ஜனங்கள் செய்வதோ இதற்கு நேர்விரோதமாயிருக்கின்றது. ஏற்றி வைத்த கவலைக்காகப் பரிகாரமும் தாயத்தும் தேடி அலைகிறார்கள். உடம்பு சொல்லும் கவலைக்கு மட்டும் "கவலைப்படாதே" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

முதலில் ஏற்றி வைத்த கவலைகளைப் பார்ப்போம். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு பிளந்து போகும் என்கிறார்கள். 2019-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலை கோயமுத்தூர், திண்டுக்கல் பக்கங்களில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அந்தச் சமயத்தில் எத்தனை நிறைமாதப் பெண்கள் கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணீருக்கும் வழியில்லாமல் உட்கார வைக்கப்பட்டிருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் உதடும் அண்ணமும் கர்ப்பத்தின் முதல் பத்து வாரங்களுக்குள்ளாகவே கூடி முடிந்து விடுகின்றன. கூடி முடிந்த உதட்டை எட்டாம் மாதத்திலே வந்த கிரகணம் எப்படிப் பிளக்கும்? தண்ணீர் குடிக்காமல் கிடந்ததனால் தாய்க்கு மயக்கம் வரலாம். அதற்குச் சூரியனும் சந்திரனும் ஜவாப்தாரிகளல்ல.

மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பது மற்றொரு கதை. ஸ்கேன் பார்த்தவர் "கொடி கழுத்தில் சுற்றியிருக்கிறது" என்று எழுதிக் கொடுத்த நாள் முதல் அந்தப் பெண்ணுக்கு ராத்தூக்கம் போய்விடுகிறது. மாதம் நிறைந்து பிறக்கும் பிள்ளைகளில் சுமார் நாலில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றித்தான் இருக்கிறது. பிரசவம் பார்க்கிறவர் அதை விரலால் தளர்த்தித் தலைக்கு மேலாகக் கழற்றி விடுகிறார். மிகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதனால் ஒரு கெடுதியும் வருவதில்லை. நாலில் ஒரு பிள்ளையினால் மாமனுக்கு ஆபத்து என்பது மெய்யானால், இந்நேரம் தமிழ்நாட்டில் காதுகுத்துக்கு மடியில் உட்கார வைக்க ஒரு மாமனாவது மிஞ்சியிருப்பானா?

இரும்புச் சத்து மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாய்ப் பிறக்கும் என்று மாத்திரையைக் கொல்லையில் எறிந்துவிட்டு, குங்குமப்பூவுக்குக் காசைக் கொட்டுகிற வீடுகளும் இருக்கின்றன. மாத்திரையினால் கறுப்பது மலமே ஒழியப் பிள்ளையல்ல. (பிள்ளை கறுப்பாய்ப் பிறந்தால்தான் என்ன குடி முழுகிப் போகும் என்பது வேறு சங்கதி.) 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். பிரசவத்தில் போகும் ரத்தத்தைத் தாங்க வேண்டிய உடம்பிலிருந்து இந்த மாத்திரையைப் பறிப்பவர்கள் தங்களைப் பெரியவர்கள் என்று சொல்லிக் கொள்ளுகிறார்கள்!

நிற்க, உடம்பு சொல்லும் கவலைக்கு வருவோம். கடைசி மூன்று மாதங்களில் இடுப்பு வலிப்பதும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், அடிக்கடி ஒன்றுக்குப் போவதும், நெஞ்செரிச்சலும், சாயங்காலத்தில் பாதம் கொஞ்சம் வீங்கி விடிந்ததும் வடிவதும், வயிறு அவ்வப்போது இறுகிப் பிறகு தளர்ந்து போகும் சூட்டு வலியும் சாதாரணமானவை. இவற்றை முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவிட்டால் பாதிக் கவலை அன்றைக்கே தீர்ந்தது. சொல்லுவார்தான் இல்லை.

ஆனால் தலைவலி விடாமல் மண்டையைப் பிளப்பதும், கண் மங்குவதும், கண் முன்னே பூச்சி பறப்பதும், மேல் வயிற்றில் வலிப்பதும், முகமும் கையும் திடீரென்று வீங்குவதும் சாதாரணமானவையல்ல. பிரஷர் என்று ஜனங்கள் சொல்லும் ரத்தக் கொதிப்பு கர்ப்பத்தினாலேயே ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கும் வியாதி ஒன்று உண்டு. நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் எட்டுப் பேருக்கு அது வருவதாக வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து மாதத்திற்கு மேல்தான் தலைகாட்டும். 140-க்கு 90 என்ற அளவை எட்டினால் கவனிக்க வேண்டும். 160-க்கு 110-ஐ எட்டினால் அது அவசரம். இதைக் கவனியாமல் விட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடும். நமது கிராமங்களில் இந்த வலிப்புக்குத்தான் காத்துக் கருப்பு, பேய் அறைந்தது, முனி பிடித்தது என்று பலவிதமான பெயர்களிட்டு, வேப்பிலையும் உடுக்கையும் கொண்டு வந்து, பல் கிட்டிப்போன பெண்ணைச் சவுக்கால் அடித்து "நீ யார், எங்கிருந்து வந்தாய்?" என்று விசாரணை நடத்தியிருக்கிறார்கள்.

அந்த முனிக்கு மருந்து என்ன தெரியுமா? மக்னீசியம் சல்பேட் என்னும் உப்பு. நம் பாட்டன்மார் வயிறு கழுவக் குடித்த பேதி உப்பின் சரக்கே, ஊசி மூலம் ஏற்றுவதற்காகச் சுத்தமாய்த் தயாரிக்கப்படுகிறது. 33 தேசங்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2002-ம் வருஷத்தில் வெளிவந்தது. இந்த ஊசி போட்டவர்களுக்கு வலிப்பு வருவது பாதிக்கு மேல் குறைந்து போயிற்று என்பதே அதன் சாரம். உப்புக்குப் பயந்து ஓடுகிற முனியை நாம் அங்குதான் கண்டோம். இதை வீட்டில் கொடுக்க முடியாது. அளவு தப்பினால் மூச்சு அடைத்துவிடும். ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரிக்கு எப்போது போய்ச் சேருகிறாள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இவ்விடத்தில்தான் நம் வீட்டு ஆண்கள் மேல் நமக்குள்ள வருத்தத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1994-ம் வருஷத்தில் தடேயஸ், மெயின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், பிரசவத்தில் பெண்கள் சாவதற்கு மூன்று தாமதங்களே காரணமென்று பிரித்துக் காட்டினார்கள். போவதென்று முடிவு செய்வதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு வைத்தியம் கிடைப்பதில் தாமதம் என்பவையே அம்மூன்று. தமிழ்நாட்டில் இரண்டாவதும் மூன்றாவதும் எவ்வளவோ குறைந்திருக்கின்றன. 2008-ம் வருஷம் முதல் 108 வண்டி ஓடுகிறது. மேற்படி கணக்கெடுப்பில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நடந்ததாகக் கண்டிருக்கிறது. 2018-20-ல் லட்சம் பிரசவத்திற்கு இந்தியா முழுவதிலும் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர் இறந்தார்கள். இது பெரிய காரியந்தான். ஆனால் இறந்த அந்த 54 பேரையும் அவரவர் வீட்டில் 54 என்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஒருத்தி என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

முதல் தாமதம் மட்டும் சர்க்கார் வண்டி விட்டு ஒழிக்கக்கூடியதல்ல. அது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. நடுநிசியில் வலியே இல்லாமல் ரத்தம் படுகிறது என்று ஒரு பெண் சொல்லுகிறாள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் வலியில்லாமல் படும், அதுவே பேராபத்து. "வலிதான் இல்லையே, விடியட்டும்" என்கிறார்கள். பனிக்குடம் உடைந்து நீர் கசிகிறது என்கிறாள். "ராகு காலம் போகட்டும்" என்கிறார்கள். புருஷன் வெளியூரில் இருந்தால் அவனைக் கேட்க வேண்டும், அவன் தன் தாயைக் கேட்க வேண்டும், அவள் ஜோசியனைக் கேட்க வேண்டும். யாருடைய உடம்போ அவளை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை! வயது வந்த பெண்ணுக்குச் செய்யும் வைத்தியத்திற்கு, அவள் சம்மதம் சொல்லக்கூடிய நிலையிலிருக்கும்போது பெற்ற தாயின் சம்மதங்கூட ஈடாகாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2008-ம் வருஷத்தில் டில்லி வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, வண்டி கூப்பிடுவதற்கு எத்தனை பேர் உத்தரவு வேண்டும் என்று கேட்கின்றோம்.

பணமும் பூஜையும் காப்பாற்றும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷாஜஹான் பாதுஷாவின் மனைவி மும்தாஜ் 1631-ம் வருஷத்தில் புர்ஹான்பூரில் பதினாலாவது பிரசவத்தோடு இறந்து போனார். அந்த அம்மைக்குத் தானதர்மத்தில் குறைவா, பிரார்த்தனையில் குறைவா, நாள் பார்த்துச் சொல்லுவாரில் குறைவா? இன்று கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் ரத்தப்போக்கு ஊசி அன்று சக்கரவர்த்தியிடம் இல்லை. உலகம் மெச்சும் சமாதிதான் கட்ட முடிந்தது.

பிள்ளையின் அசைவைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மாதம் நிறைய நிறையப் பிள்ளை அசையாமல் அடங்கிவிடும் என்று கிழவிகள் மட்டுமல்ல, படித்தவர்களும் சொல்லுகிறார்கள். இது பொய். இடம் நெருக்கமாவதால் அசைவின் மாதிரி மாறலாமே தவிர, அசைவு குறையக்கூடாது. குறைந்ததாகத் தாய்க்குத் தோன்றினால் இடதுபக்கமாய்ச் சாய்ந்து படுத்துக் கவனித்துப் பார்க்கட்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தேறாவிட்டால், அல்லது அறவே நின்று போயிருந்தால் உடனே, நாளைக்கு என்றில்லாமல் உடனே, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பினால் "வீண் அலைச்சல் வைத்தாய்" என்று அவளை ஏசுகிற புருஷனைப்போல் மடையன் வேறில்லை. அடுத்த தடவை அவள் வாயைத் திறக்கமாட்டாள். அந்த அடுத்த தடவைதான் நிஜமானதாயிருக்கும்.

இப்போது புதிதாய் ஒரு நாகரிகம் வந்திருக்கிறது. நல்ல நட்சத்திரம், நல்ல லக்கினம் பார்த்து, அந்த நிமிஷத்திற்கு டாக்டரிடம் சொல்லிக் கத்தி வைத்துப் பிள்ளையை எடுக்கிறார்கள். 2019-21-ல் தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் நூற்றுக்கு 63.8 ஆபரேஷன் பிரசவங்கள். அத்தனையும் ஜோசியத்திற்காக என்று நாம் சொல்லவில்லை. அவசியமான ஆபரேஷன் உயிரைக் காப்பது. அதைச் செய்துகொண்டவளைச் "சுகப்பிரசவம் ஆகவில்லையே" என்று குத்திப் பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் காரணமில்லாமல் 39 வாரத்திற்கு முன் எடுக்கும் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம் என்பது வைத்தியர்கள் எல்லோருக்கும் தெரியும். பிறந்த நேரந்தான் தலைவிதி என்பதும், அந்த நேரத்தை ஆபரேஷன் அறையில் வாடகைக்கு எடுக்கலாம் என்பதும் ஒரே மூளையில் எப்படிக் குடியிருக்கின்றனவோ நமக்கு விளங்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு பிள்ளை தவறிவிட்டால், "நீ கவலைப்பட்டுக் கவலைப்பட்டுத்தான் இப்படியாயிற்று" என்று தாய் மேலேயே பழி வைக்கிறார்கள். அவள் பயந்ததனால் கொடி அடைக்கவுமில்லை, கண்ணீர் விட்டதனால் பிரஷர் வியாதி முளைக்கவுமில்லை. பயம் ராப்பகலாய்ப் பிடித்துக்கொண்டு சோறும் தூக்கமும் இல்லாமல் செய்யுமானால் அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய ஒரு வியாதியே. கர்ப்ப காலத்திலும் அதற்கு வைத்தியம் உண்டு. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசி யோசனை சொல்லுகிறார்கள்.

முடிவாக, வளைகாப்பைப் பற்றி. தலைப்பிரசவத்திற்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையலடுக்கித் தாய்வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதாவது ஆபத்து கூடுதலாயிருக்கும் காலத்தில் அதுவரை பார்த்த டாக்டரையும் ஆஸ்பத்திரியையும் விட்டுப் புதிய ஊருக்கு அனுப்புகிறார்கள். ஐந்து வகைச் சோறும் இருபத்தொரு தட்டுச் சீரும் வண்டியில் ஏறுகின்றன. ரத்த அழுத்தம் மாதாமாதம் எழுதிய அட்டையும், ஸ்கேன் காகிதங்களும், ரத்தப் பிரிவு எழுதிய சீட்டும் புருஷன் வீட்டு அலமாரியில் தங்கிவிடுகின்றன. புதிய டாக்டர் 130-க்கு 86 என்று பார்த்தால், சென்ற மாதம் 100-க்கு 60 ஆக இருந்ததென்று அவருக்கு யார் சொல்லுவது? தோழர்கள் தங்கள் வீடுகளில் வளைகாப்பு வைத்தால், சீர்த்தட்டுகளோடு அந்தக் காகிதக் கட்டையும் ஒரு தட்டில் வைத்து எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுக்கட்டும். அதன் மேலட்டையில் அவளது ரத்தப் பிரிவையும், ரத்தம் கொடுக்கச் சம்மதித்த இரண்டு பேரின் போன் நம்பரையும், 108 என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். வண்டியைக் கூப்பிட அவள் ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை என்பதைப் புருஷன் அந்தச் சபையிலேயே வாய்விட்டுச் சொல்லட்டும்.