பாட்டி ஏன் வாய் மூட வேண்டும்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துக் குன்றொன்றின்மீது ஸ்ரீனிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருவண்ணாமலையை, அருணாசலேசுவரரின் பெரிய திருவண்ணாமலையோடு வெளியூரார் குழப்பிக்கொள்ளாதிருக்கும் பொருட்டு, 'தென்திருப்பதி' என்றும் சேர்த்துச் சொல்வது இப்பக்கத்து வழக்கம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து படியேறுவார்கள். அப்படியொரு சனிக்கிழமையன்று, மூச்சு வாங்கிப் பாதிப் படியில் நான் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு ஒரு படி கீழே ஒரு பாட்டியும் அவருடைய பேரனும் வந்து அமர்ந்தார்கள். பையனுக்கு நான்கு வயதிருக்கும். கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு குரங்கு வந்து குந்தியதும் அவன் முகம் மலர்ந்து, ஒரு சத்தமும் எழுப்பாமல், பாட்டியின் மோவாயைப் பிடித்து அந்தப் பக்கமாகத் திருப்பினான். பாட்டி 'கோதி' என்று தெலுங்கில் தொடங்கியவர், சட்டென்று நிறுத்தி, மேல்படியில் நின்ற மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார். பையனோ மோவாயிலிருந்து கையை எடுக்காமல், அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேரனோடு பேசலையா அம்மா?" என்று கேட்டேன்.

"பேசக் கூடாதாம்ங்க. ஸ்பீச் தெரபியிலே சொல்லிட்டாங்க. பிள்ளை காதிலே ஒரே பாஷைதான் விழணுமாம், அதுவும் பள்ளிக்கூடத்து இங்கிலீஷாம். பிள்ளையைக் கொஞ்ச எனக்குத் தெலுங்கை விட்டா வேற என்ன வரும்?"

அந்தப் பாட்டியின் மௌனம் ஒரு தனிக் குடும்பத்து விவகாரமென்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. ராஜபாளையத்தில் ராஜுக்கள் என்னும் சமூகத்தார் இல்லத்தில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசி, எழுதுவதும் படிப்பதும் தமிழிலேயே என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறவர்கள்; இன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஏட்டில் எழுதி வையாமல் வாய்மொழியாகவே காப்பாற்றப்பட்டு வந்த அந்த வீட்டுத் தெலுங்கு, ஒரு பாட்டி வாய் மூடினால் அந்த வீட்டோடு முடிந்துபோகக்கூடியது. ஆனால் இங்கே என் கவலை ஒரு மொழியின் ஆயுளைப் பற்றியதன்று. பேச்சு தாமதப்பட்ட ஒரு குழந்தையிடமிருந்து, அவனோடு பேச எப்போதும் பொழுதுள்ள ஒரே ஜீவனைச் சிகிச்சையின் பெயராலேயே பிரித்து வைக்கிறோமே என்பதுதான்.

ஒரே பாஷை போதும் என்னும் இந்த உபதேசம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அது நெடுந்தொலைவுக்குப் போகிறது. 1923-ஆம் ஆண்டில் வேல்ஸ் தேசத்துக் கிராமக் குழந்தைகளைப் பரிசோதித்த டி. ஜே. சேர் என்பார், வெல்ஷும் ஆங்கிலமும் பேசிய பிள்ளைகள் புத்திப் பரீட்சையில் பின்தங்கியிருந்ததாக எழுதினார். இருமொழி குழந்தையின் மூளைக்குப் பாரம் என்னும் எண்ணம் கல்வியாளரிடையே வேரூன்ற, அதைப் போன்ற ஆராய்ச்சிகள் உரமாயின. குடும்பத்தின் வறுமையையும் வசதியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, 1962-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் பீல், லாம்பர்ட் என்னும் இருவர் ஆராய்ந்தபோது முடிவு தலைகீழாயிற்று: இருமொழிப் பிள்ளைகளே முன்னணியில் நின்றார்கள். ஆனாலும் ஏட்டில் தோற்றுப்போன அபிப்பிராயம் சிகிச்சை அறையில் தோற்கவில்லை. ஆரோக்கியமான குழந்தைக்கு இரண்டு மொழி சரிதான், குறையுள்ள குழந்தைக்கு எப்படி என்ற கேள்வியின் பின்னால் அது போய் ஒளிந்துகொண்டது.

அந்தக் கேள்விக்கும் பதில் கிடைத்திருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உடைய பிள்ளைகளுள் ஆங்கிலமும் இன்னொரு மொழியும் கேட்டு வளர்ந்தவர்களை, ஆங்கிலம் மட்டுமே கேட்டவர்களோடு ஒப்பிட்டுக் கனடாவில் கே-ரெய்னிங் பேர்டு என்னும் அம்மையாரும் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இரண்டாம் மொழியால் அப்பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குச் சேதமில்லை என்று காட்டியது. ஆராயப்பட்ட குழந்தைகளின் தொகை சிறிதுதான். எனினும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வைத்துப் பின்னர் நடந்த ஆராய்ச்சிகளும் அதே திசையையே காட்டின. அதே 2005-இல் அமெரிக்காவில் கிரெமர்-சாட்லிக் எழுதிய ஆய்வொன்று என் மனத்தை மிகவும் வருத்தியது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்ற ஆலோசனையைப் பெற்றோர் சிரமேற்கொண்டதன் பலன், சாப்பாட்டு வேளையில் குடும்பமெல்லாம் தன் மொழியில் கலகலத்துக்கொண்டிருக்க, அக்குழந்தை மட்டும் ஓரத்தில் தனித்து உட்கார்ந்திருந்ததுதான். எந்தக் குழந்தையைப் பிறரோடு பழக வைக்கவேண்டுமென்று சிகிச்சையோ, அந்தக் குழந்தையின் தனிமையே கூடிற்று.

சிகிச்சையாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. அவர்களைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகளைப் பார்த்தால், அறியாமையைவிட வசதியின்மையே பெரிய காரணமென்று தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் 128 பேச்சுச் சிகிச்சையாளர்களிடம் விசாரித்து வில்லியம்ஸ், மெக்ளியாட் என்னும் இருவர் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பலமொழிக் குழந்தைகள் தங்களிடம் வருவதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்து, ஆங்கிலத்திலேயே பயிற்சி தருவதாக இருந்தது. அந்தந்த மொழிக்குரிய பரீட்சைக் கருவி இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை, பொழுதும் இல்லை. மனத்தில் உள்ள கொள்கை ஒன்றாகவும் கை செய்கிற காரியம் வேறாகவும் போவதற்கு, இந்த மூன்று இல்லாமைகளே போதும்.

நம் தேசத்தின் நிலைமை அதனினும் விசித்திரமானது. 1965-இல் மைசூரில் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் ஸ்தாபனம் தொட்டு இத்துறையின் உயர்கல்வி ஆங்கிலத்தில் நடந்து வருகிறது. பாடப் புத்தகங்களிற் பல, ஒருமொழியே இயற்கை என்று எண்ணும் நாடுகளில் எழுதப்பட்டவை. ஆனால் அவற்றைப் படிக்கிற நம் பிள்ளைகளோ, வீட்டில் ஒன்று, அண்டை வீட்டில் ஒன்று, வகுப்பில் ஒன்று என மூன்று மொழிகளில் புழங்கி எந்தப் பங்கமும் இல்லாமல் வளர்ந்து, அந்த வளர்ச்சியைக் கொண்டே அந்தப் படிப்பில் தேறியவர்கள். தாம் வளர்ந்த விதமே தம் கண்முன் பிரத்தியட்சமாக நிற்க, புத்தகம் சொன்னதையே தாய்மாருக்கு உபதேசிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தின் நெருக்குதலும், ஆங்கிலம் வந்தால் போதுமென்ற பெற்றோரின் ஆசையும் சேர்ந்துகொள்ளும்போது, அந்த உபதேசம் கேட்கிறவர்களுக்கு இனிக்கவும் செய்கிறது.

சிகிச்சையாளரின் மனப்பான்மை மாறாத பாறையுமன்று. திக்குவாய் விஷயத்தில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து வெண்டல் ஜான்சன், சாதாரணத் தடுமாற்றத்தைப் பெற்றோர் திக்கென்று எண்ணிப் பதறுவதனாலேயே அது திக்காக முற்றுகிறது என்று போதித்த காலமொன்று உண்டு. எத்தனையோ தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தார்கள். யூஜீன் கூப்பர், கிரிஸ்டல் கூப்பர் என்னும் இருவர் 1973 முதல் ஆண்டுகள் பல சிகிச்சையாளரின் எண்ணங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒப்பிட்டார்கள். இளம் பிராயத்திலேயே சிகிச்சை தொடங்கலாமென்ற துணிவு வளர்ந்திருந்தது. திக்குகிறவர்களின் சுபாவத்தைப் பற்றிய பழைய தப்பெண்ணமோ எளிதில் அகல்வதாக இல்லை. ஒன்று மாறி ஒன்று மாறாததைப் பார்க்கும்போது, எது தானாக மாறும், எதை முயன்று மாற்றவேண்டும் என்பது புலப்படுகிறது. அன்று தாயின்மேல் விழுந்த பழி இன்று பாட்டியின் மொழிமேல் விழுந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எளிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருக்கும் குழந்தைக்கு வாரத்தில் 84 மணி நேரம் கிடைக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் ஒரு மணி நேரம் ஸ்பீச் தெரபி என்றால், மீதி 83 மணி நேரமும் சிகிச்சை அறைக்கு வெளியே. அந்த 83 மணி நேரத்தில் குழந்தையோடு விளையாடவும், சோறூட்டவும், தெருவில் போகிற ஆட்டைக் காட்டவும் யாருக்குப் பொழுதிருக்கிறதோ, அவர்தாம் உண்மையில் சிகிச்சை தருகிறவர். தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் அவர் பாட்டியாகத்தான் இருப்பார். தெரியாத ஆங்கிலத்தில் நான்கு பெயர்ச்சொற்களை அவர் திரும்பத் திரும்ப ஒப்பிப்பதனாலோ, பேசாமலே இருந்துவிடுவதனாலோ, அந்தக் குழந்தைக்கு மொழியின் எந்தச் சுவை கிட்டும்? கொஞ்சலும் கோபமும் கதையும் கேள்வியுமாகப் பேச அவருக்கு வருவது அவர் மொழி ஒன்றே.

இதற்காகச் சிகிச்சையாளர் தெலுங்கு கற்கவேண்டியதில்லை. குழந்தை பார்ப்பதை நாமும் பார்ப்பது, ஒரு சொல் சொல்லிவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருப்பது, அவன் அரைகுறையாய்ச் சொன்னதை முழுமையாக்கித் திருப்பிச் சொல்வது ஆகிய உபாயங்கள் எந்த மொழிக்கும் பொருந்துவன. அவற்றைத் தமிழில் பாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தால், பாட்டி தெலுங்கில் செய்துகொள்வார். குழந்தையின் நோட்டில் 'வீட்டு மொழி' என்று ஒரே சொல்லை எழுதி முடிக்காமல், யார் யார் அவனோடு எவ்வளவு நேரம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று விசாரித்து எழுதட்டும். அவனுக்குத் தெலுங்கில் தெரிந்த சொற்களையும் தமிழில் தெரிந்த சொற்களையும் ஒன்றாகக் கூட்டி எண்ணினாலன்றி, அவனுடைய சொற்களஞ்சியத்தின் அளவு யாருக்கும் தெரியப்போவதில்லை. கல்லூரிகளோ, தமிழுக்கும், தமிழ்நாட்டு வீடுகளில் வழங்கும் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் ஆகியவற்றுக்கும் உரிய பரீட்சைக் கருவிகளை மாணவரின் ஆய்வேடுகளிலேயே விட்டுவிடாமல், அச்சிட்டுக் கையில் கொடுக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் அந்தப் படிக்கட்டில் சொல்ல முடியுமா? அவனோடு உங்கள் பாஷையிலேயே பேசுவதால் கெடுதல் இல்லையென்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன, அடுத்த தடவை மருமகளோடு நீங்களும் உள்ளே போய் அந்தத் தெரபி அம்மாளிடமே இதைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"உள்ளேயாங்க?" என்றார் பாட்டி. "ஆறு மாசமா நான்தான் பையனைத் தூக்கிட்டுப் போறேன். ஒரு நாளும் என்னை உள்ளே கூப்பிட்டதில்லீங்க. வெளியே பெஞ்சிலே அவன் செருப்பை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."