படையனுப்பும் உரிமை எவருடையது?

கும்மிடிப்பூண்டி ஏதிலியர் குடியிருப்பில் ஈழத்தமிழர் வாழ்கின்றனர். அவர்தம் ஊர்களைப் போர் தின்றது. அப்போரில் தில்லிக்கும் பங்குண்டு.

1987 சூலை 29-இல் இராசீவும் செயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பமிட்டனர். இலங்கைக் குடியரசுத் தலைவர் அழைக்க, இந்தியப் படை ஈழம் புகுந்தது. அமைதி காக்கச் சென்ற படை அக்தோபரில் தமிழரோடே பொருதது. 1990 மார்ச்சிலேதான் முற்றும் மீண்டது.

இந்திய அரசியல் சட்டத்தின் 53-ஆம் பிரிவு படைத்தலைமையைக் குடியரசுத் தலைவர்க்கு அளிக்கிறது. அதனைச் செலுத்தும் முறையைச் சட்டம் வரையறுக்கும் என்றும் கூறுகிறது. ஆயின், அயல்நாட்டுக்குப் படையனுப்புமுன் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்னும் சட்டம் இன்றளவும் இல்லை. பெயர் தலைவருடையது; முடிவு அமைச்சரவையுடையது; இழப்போ தமிழருடையது!

மன்றம் ஒப்பாது படையோ படைக்கலமோ கடல் கடத்தல் கூடாது. அச்சட்டம் கேட்கும் முதற்குரல் தமிழகத்தினின்றே எழுக!