ரயில்வே காலனியும் நம்ம காலனியும்

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பு செய்தார். தீண்டாமையின் குறியீடாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்ட ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்றார். ‘வெறும் சொல்தானே, இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நகரத்தில் ரயில்வே காலனி இருக்கிறது. வங்கி ஊழியர் காலனி இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் முகவரி சொல்லத் தயங்குவதில்லை. கிராமத்திலோ ‘காலனி’ என்றாலே போதும், கேட்பவருக்கு நம் சாதி தெரிந்துவிடும். ‘ஊரா, காலனியா?’ என்ற கேள்வி எதற்காக வருகிறது என்பது விடுதியில் சேரப் போன நம் மாணவர்களுக்குத் தெரியும். ஊர் என்பதில் நாம் இல்லை என்பதும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று அறிந்தவர்களுக்குக் ‘காலனிக்காரன்’ என்ற சொல் வசதியாகவும் இருக்கிறது.

‘சேரி’க்கும் இதுதான் நேர்ந்தது. சோழர் காலத்தில் பிராமணர்களின் பிரமதேய ஊர்களில் இருந்த பகுதிகளும் கல்வெட்டுகளில் சேரி என்றே குறிக்கப்பட்டன. வேளச்சேரி, புதுச்சேரி என்று சொல்ல இன்றும் யாரும் கூசுவதில்லை. தனியாகச் ‘சேரி’ என்னும்போதுதான் குரல் மாறுகிறது.

நம்மைக் குறிக்கும் சொற்களிலும் இந்த வேறுபாடு உண்டு. ‘தாழ்ந்தவர்’ என்றால் குறை நம் பிறப்பில் இருப்பதாகப் பொருள். ‘தாழ்த்தப்பட்டவர்’ என்றால் தாழ்த்தியது யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ‘ஹரிஜன்’ அடுத்தவர் சூட்டிய பெயர்; அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ‘தலித்’ நம் போராட்டத்தில் நாமே எடுத்துக்கொண்ட பெயர்.

அறிவிப்பை வரவேற்கிறோம். ஆனால், அரசு தொகுப்பு வீடுகள் கட்டித் தந்தபோது சேரி காலனி ஆனது. பழைய இழிவு புதிய பெயரிலும் வந்து ஒட்டிக்கொண்டது. நாளை ‘நகர்’ என்று பலகை மாறினாலும், சுடுகாடும் அதற்கான பாதையும் தனித்தனியாகவே இருந்தால் அந்தப் பெயருக்கும் இதே கதிதான். எனவே, அடுத்த கிராம சபையில் நம் தெருவுக்கு நாமே தேர்ந்தெடுத்த பெயரைத் தீர்மானமாக வைப்போம். பொதுச் சுடுகாடு, பொதுப் பாதை கேட்டும் அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானம் வைப்போம்.