ஸ்கோர் நோட்டைக் கையில கொடுக்காதீங்க பாஸ்!

கேன்சர் ட்ரீட்மென்ட் முடிஞ்சு, மொட்டைத் தலையில் லேசா முடி முளைச்சு, ஒரு வருஷ பிரேக்குக்கு அப்புறம் உங்க க்ளாஸுக்கு ஒருத்தன் திரும்பி வர்றான். நீங்க என்ன பண்ணுவீங்க?

நாங்க பண்ணினது இது. அவன் பையை வாங்கிக்கிட்டோம். மாடிப்படி ஏற விடலை. சாயந்தரம் கிரவுண்டில், 'நீ நிழல்ல உட்காரு மச்சி'ன்னு ஸ்கோர் நோட்டைக் கையில் கொடுத்தோம். எங்க டீமோட ஓப்பனிங் பௌலர் அவன்! எல்லாம் பாசம்தான், சத்தியமா. ஆனா, ரெண்டே மாசத்தில் கிரவுண்டுக்கு வர்றதையே நிறுத்திட்டான். ரூமில் லைட்கூடப் போடாம படுத்திருப்பான். கேட்டா, 'டயர்டா இருக்குடா'ம்பான்.

'அதான் பொழைச்சிட்டியே, அப்புறம் என்னடா சோகம்?'னு ஒரு புத்திசாலி கேட்டான். வேற யாரு... அடியேன்தான்!

விஷயம் என்னன்னா, கட்டி போனதும் கதை முடியறதில்லை. கீமோ தர்ற களைப்பு மாசக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட நீடிக்கும். தூங்கி எழுந்தாலும் தீராது. டாக்ஸோரூபிசின் மாதிரி சில மருந்துகள் பின்னாளில் இதயத்தையே பலவீனமாக்கலாம். ஸ்டீராய்டு சுகரை ஏத்தும், எலும்பை அரிக்கும். செக்கப் தேதி நெருங்கினாலே 'திரும்பி வந்துடுச்சோ'ங்கிற பயம் வேற. இதில் படுத்தே கிடந்தா தசை கரையும். தசை கரைஞ்சா நாலு படி ஏறவே மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினா மனசு சுருங்கும். மறுபடியும் கட்டில்!

ஒரு காலத்தில் டாக்டர்களே எங்களை மாதிரிதான் இருந்தாங்க. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆனவங்க கைக்கு அதிகம் வேலை கொடுத்தா, கை வீங்கிடும்னு பயந்தாங்க. 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்ஸிங்கிற டாக்டர், அப்படிப்பட்ட 24 பெண்களை டிராகன் படகில் ஏத்தி, கையில் துடுப்பைக் கொடுத்துட்டார். புதுசா ஒருத்தருக்கும் வீக்கம் வரலை. இன்னிக்கு உலகம் பூரா அவங்களை மாதிரி டீம்கள் துடுப்புப் போடுது.

2019-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து கொடுத்த கணக்கு ரொம்ப சிம்பிள். வாரம் 3 நாள், 30 நிமிஷம் வேக நடை மாதிரி ஒரு பயிற்சி. களைப்பு, பதற்றம், மனச்சோர்வு மூணுமே குறையுதாம். ரெஸ்ட் எடுத்தாத்தான் களைப்பு போகும்னு நினைச்ச நமக்கு இது தலைகீழ்!

'யுவராஜ் சிங்கைப் பாருடா'ன்னு மட்டும் உசுப்பேத்தாதீங்க. 2011 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் 113 அடிச்ச மனுஷன், கீமோ முடிச்சு 2012 செப்டம்பரில் அதே சேப்பாக்கத்தில் இறங்கி 34 அடிச்சார். உண்மை. ஆனா அவருக்குக் கூடவே ட்ரெய்னர் இருந்தாங்க. உங்க ஃப்ரெண்டுக்கு இருக்கிறது நீங்க மட்டும்தான். முதல்ல அவங்க டாக்டரைக் கேட்கணும். ரத்த அளவு, இதயம், எலும்பு எல்லாம் பார்த்துட்டுத்தான் ஆரம்பிக்கணும். அப்புறம், நடந்தா மட்டும் எல்லாருக்கும் மனச்சோர்வு ஓடிப்போயிடாது. சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாமே குறைஞ்சுட்டா மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ராத்திரி ஒரு மணிக்கு யார்கிட்டயாவது பேசணும்னா, 14416-க்கு போன் போடலாம். இலவசம்.

எங்காளுக்கு டாக்டர் எக்கோ எடுத்துப் பார்த்துட்டு, 'நடக்கட்டும்'னார். முதல் நாள் கிரவுண்டை ஒரு ரவுண்டு. பாதியில் உட்கார்ந்துட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கலை... அதுக்குள்ள கொஞ்சம் புத்தி வந்திருந்தது! ரெண்டாவது வாரம் ரெண்டு ரவுண்டு. கவுன்சலிங்கும் கூடவே போச்சு. நாலாவது மாசம் ஒருநாள், பந்தைக் குடுடான்னு அவனே கேட்டான்.

முதல் பந்து வைடு. ஸ்கோர் நோட்டு அன்னிக்கு என் கையில். வைடுன்னே எழுதினேன்.