அறுபதைத் தாண்டிய ஓட்டுநரும் ஐந்தாண்டு லைசென்ஸும்

காரைக்குடிப் பக்கம், சாக்கோட்டையை ஒட்டிய புதுவயலில் அரிசி ஆலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. நெல் லோடு உள்ளே வருகிறது. அரிசியும் தவிடும் உமியும் வெளியே போகின்றன. இருட்டிய பிறகு லாரி எடுக்கும் ஓட்டுநர் கயிற்றை இழுத்துக் கட்டுவார், தார்ப்பாயின் ஓரத்தைச் செருகுவார், டயரைத் தட்டிப் பார்ப்பார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் கை தேடுவது பாட்டைத்தான். பென்டிரைவ் நிறைய எண்பதுகளின் இளையராஜா. அந்தப் பாட்டுகள் வந்த காலத்தில் கிளீனராக வண்டி ஏறியவர்களில் பலர் இன்று அறுபதைத் தாண்டியும் ஸ்டியரிங்கை விடவில்லை.

வண்டியையும் பாட்டையும் பிரிக்க முடியாது. மாட்டுவண்டிக் காலத்து வண்டிக்காரன் பாட்டு நம் நாட்டுப்புறத் தொழிற்பாடல்களில் ஒன்று. 1995-இல் 'பாட்ஷா' வந்ததிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டுகளின் ஆயுத பூஜைக்கு ஒரு நிரந்தரப் பாட்டு கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் லாரிப் பாட்டு தனி வகையாகவே வளர்ந்தது. டேவ் டட்லி 1963-இல் பாடிய 'சிக்ஸ் டேஸ் ஆன் த ரோடு' அதில் பெயர்பெற்றது. ஆறு நாள் ஓட்டிவிட்டு வீடு திரும்பும் அந்த ஓட்டுநர், கண் மூடாமலிருக்க மாத்திரை போட்டதையும், லாக் புக் எழுதாமல் கிடப்பதையும், லோடு சற்று அதிகம் என்பதையும் ஒளிக்காமல் பாடிவிடுகிறார்.

நம் ஓட்டுநருக்கு மாத்திரையின் இடத்தில் இருப்பது பாட்டு. கிளீனரை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாமல் தனியாளாக ஓட்டும் வண்டிகள் பெருகிவிட்டன. விடியற்காலை மூன்று மணிக்குப் பேச்சுத்துணையும் பாட்டுதான், தூக்கத்துக்குக் காவலும் பாட்டுதான். துணையாக அது பெரிய வரம். காவலாக அது போதாது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்னும் லூயிஸ் ரெய்னரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, முகத்தில் படும் குளிர்காற்றும் ரேடியோவும் தூக்கக் கலக்கத்தைக் கொஞ்ச நேரமே தள்ளிப்போடும் என்று காட்டியது. காபியும் குட்டித் தூக்கமுமே பலன் தரும் என்பது அவர்களின் முடிவு.

ஓட்டுநரின் உடம்பைப் பார்க்கவேண்டிய பொறுப்பு சட்டத்துக்கு உண்டு. அது பார்க்கிறதா? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. அதன்படி, சொந்தக் கார் ஓட்டுபவர் முப்பது வயதுக்குள் எடுத்த லைசென்ஸ் நாற்பது வரை செல்லும். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் எடுத்தால் பத்தாண்டு. ஐம்பத்தைந்துக்கு மேல் ஐந்தே ஆண்டு. வயது கூடக்கூடக் காலம் சுருங்குகிறது. லாரி, பஸ் ஓட்டும் லைசென்ஸுக்கோ இருபது வயது இளைஞருக்கும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரே கணக்கு, ஐந்தாண்டு. திருத்தத்துக்கு முன்பு அது மூன்றாண்டாக இருந்தது, 2019-இல் நீட்டிவிட்டார்கள். ஆபத்தான சரக்கு ஏற்றுபவருக்கு மட்டும் மூன்றாண்டு என்று வைத்திருக்கிறார்கள். ஏற்றியிருக்கும் சரக்கைப் பார்த்துக் காலத்தைக் குறைக்கத் தெரிந்த சட்டம், ஓட்டுபவரின் வயதைப் பார்க்க மறந்துவிட்டது. அறுபத்திரண்டில் புதுப்பித்தவரை இனி அறுபத்தேழில்தான் மருத்துவர் பார்ப்பார்.

அப்போதும் எதைப் பார்ப்பார்? மருத்துவச் சான்றுக்கான படிவம் 1ஏ, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, காது கேட்கிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் கேட்கிறது. நம்பர் பிளேட்டை 25 மீட்டரிலிருந்து படிப்பது நல்ல பகல் வெளிச்சத்தில் செய்யும் சோதனை. லாரி ஓடுவதோ பெரும்பாலும் ராத்திரியில். இருபது வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கே அறுபதில் போகிறது. எதிரே வரும் ஹெட்லைட்டின் கூச்சம் தெளியவும் கூடுதல் நேரம் பிடிக்கும். கண்புரை தொடங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். இந்தக் கூச்சத்தை அளக்கும் கேள்வி படிவத்தில் இல்லை. குறட்டையோடு வரும் மூச்சுத்தடையைப் பற்றியும் இல்லை. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துப் பகலில் கண்ணயர வைக்கும் நோய் அது.

பிரிட்டனில் லாரி ஓட்டுநர் நாற்பத்தைந்திலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், அறுபத்தைந்துக்குப் பிறகு ஆண்டுதோறும் மருத்துவச் சான்று தரவேண்டும். அமெரிக்காவில் எந்த வயதானாலும் அதிகபட்சம் இரண்டாண்டுக்கு ஒரு சான்று. இரண்டு நாட்டிலும் லாரி ஓட்ட வயது உச்சவரம்பு இல்லை. உடம்பு ஒத்துழைக்கும்வரை ஓட்டலாம்.

வயதைக் காட்டி இறக்கிவிடுவது இங்கேயும் அநியாயம். அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு ஓய்வு வயது உண்டு, ஓய்வூதியம் உண்டு. ஒற்றை லாரி முதலாளியிடம் பேட்டாவுக்கும் நடைக்கூலிக்கும் ஓட்டியவருக்கு என்ன உண்டு? அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்து, புதுப்பித்தும் வந்திருந்தால், அறுபதுக்குப் பிறகு மாதம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது; ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்த இடங்களை அது விட்டுவிட்டது. இப்படி விடுபட்டவர்கள்தான் முதுமையிலும் ராத்திரி வண்டி ஓட்டுகிறார்கள்.

ஆகவே உடல் சோதனையும் பிழைப்புக்கான பாதுகாப்பும் ஒன்றாக வரவேண்டும். அறுபதுக்கு மேல் கனரக லைசென்ஸை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கச் சொல்லலாம். அதில் கூச்சமும் இரவுப் பார்வையும் சர்க்கரையும் மூச்சுத்தடையும் பார்க்கப்படட்டும். செலவை ஓட்டுநர் தலையில் கட்டக்கூடாது. ஆண்டுச் சோதனை இன்னொரு லஞ்ச வாசலாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் சோதனை அரசு மருத்துவமனையில் நடந்து, முடிவு நேரே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகட்டும். தேறாதவருக்குக் கண்ணாடியோ புரை அறுவைச் சிகிச்சையோ இலவசமாகக் கிடைக்கவேண்டும். அதன் பிறகும் ஓட்ட முடியாதவருக்கு, குடும்பம் பிழைக்கும் அளவுக்கு வாரிய ஓய்வூதியம் உயரவேண்டும்.

சட்டம் திருந்தும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. புதுவயல் ஆலைகளில் லோடு ஏறும்வரை ஓட்டுநர்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். ஆலை உரிமையாளர்களும் லாரி உரிமையாளர்களும் காரைக்குடி அரசு மருத்துவமனையும் கைகோத்தால், அந்த நேரத்திலேயே மாதம் ஒரு நாள் கண்ணையும் சர்க்கரையையும் பார்த்துவிடலாம். படுத்துக் கண்ணயர மின்விசிறியோடு ஓர் அறையை ஒதுக்க ஆலைகளுக்குப் பெரிய செலவும் ஆகாது. அடுத்த அறுவடை லோடு வருவதற்குள் இரண்டையும் தொடங்கிவிட முடியும்.