மக்தலீன் பெண்களுக்குத் தருவதாகச் சொன்ன அட்டை

2013 பிப்ரவரி 19 அன்று அயர்லாந்து நாடாளுமன்றத்தில் பிரதமர் எண்டா கென்னி தழுதழுத்த குரலில் மன்னிப்புக் கேட்டார். கன்னியாஸ்திரீகள் நடத்திய மக்தலீன் சலவைக்கூடங்களில் அடைபட்டு, கூலியில்லாமல் துணி வெளுத்த பெண்களிடம் கேட்ட மன்னிப்பு அது. 1922க்குப் பின் சுமார் 10,000 பேர் அங்கே இருந்தார்கள், அதில் அரசுக்கும் பங்குண்டு என்று இதை விசாரித்த மெக்அலீஸ் குழு அப்போதுதான் அறிக்கை தந்திருந்தது.

என்ன ஈடு கொடுப்பது என்று பரிந்துரைக்க நீதிபதி ஜான் குவர்க் நியமிக்கப்பட்டார். பணத்தோடு மருத்துவத்தையும் அவர் கேட்டார். அதற்கான அளவுகோல் அரசிடமே இருந்தது. தாய்மார்களுக்குப் போட்ட ஊசிமருந்தில் ஹெபடைடிஸ் சி கிருமி கலந்திருந்தது தெரியவந்தபோது, பாதிக்கப்பட்டவர்களுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் தனி மருத்துவ அட்டை வழங்கியது. மருந்து, பல், கண், காது, வீட்டுக்கே வரும் செவிலியர், பிசியோதெரபி, மனநல ஆலோசனை எல்லாம் அதில் அடங்கும். அதே தரத்தில் இவர்களுக்கும் கொடுங்கள் என்றார் குவர்க். அரசும் அவர் பரிந்துரைகளை ஏற்றது.

2015இல் வந்த சட்டம் அந்தத் தரத்தைக் கொடுக்கவில்லை. மாற்று மருத்துவம் விடுபட்டது. பல் சிகிச்சை சாதாரண மருத்துவ அட்டைக்காரர்களுக்குக் கிடைக்கும் அளவோடு நின்றது. இளமையில் பல்லையும் முதுகையும் கவனிக்க வழியே இல்லாமல் கிடந்தவர்களுக்கு இது சின்னக் குறையா?

திருமணமாகாத தாய்மார்களையும் குழந்தைகளையும் வைத்திருந்த இல்லங்களின் கதை இன்னும் மோசம். இவற்றை ஆராய அரசு அமைத்த ஆணையம் விசாரித்த 18 நிறுவனங்களில் சுமார் 9,000 குழந்தைகள் இறந்ததாக அதன் 2021 அறிக்கை சொல்கிறது. பிழைத்தவர்களுக்காக 2023இல் வந்த சட்டமோ, குறைந்தது 180 நாள் இருந்தவர்களுக்கே மருத்துவ அட்டை என்று கோடு கிழித்தது. ஐந்தாவது மாதத்தில் தத்துக்குப் போன குழந்தைக்கு அட்டையும் இல்லை, பணமும் இல்லை. வெளிநாட்டுக்குப் போய்விட்டவர்கள் தகுதி பெற்றால், அட்டைக்குப் பதில் ஒரேமுறை 3,000 யூரோ வாங்கிக்கொள்ளலாம். முதுமையில் ஒருவருக்கு அது எத்தனை நாள் வைத்தியத்துக்குக் காணும்?

இவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நாள் கணக்குப் பார்க்கும் விதியை அயர்லாந்து நாடாளுமன்றம் நீக்க வேண்டும். 1996 அட்டையின் முழுப் பயனும் மக்தலீன் பெண்களுக்குக் கிடைக்க 2015 சட்டத்தைத் திருத்த வேண்டும். அந்த அட்டையைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் அரசுக்கு இது புதிய வேலையும் அல்ல.